பொருந்தியது, படம்தான் வரவில்லை

முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். வம்பிழுக்கத் தோன்றினால் கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில், புதிதாகச் சேரும் பெண்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குத்தான் மேனேஜர் வேட்டு வைக்கப் பார்த்தார்.

“இனிமே பெரிய திரையில படம் போட்டு நடத்துங்க சிஸ்டர். முடியலைன்னா சொல்லிடுங்க, ரெடிமேட் வீடியோ இருக்கு. அதைப் போட்டு விட்டுடலாம்.”

தன் இடத்தில் ஒரு வீடியோவா? சிஸ்டருக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் யோசனை வராது என்பது அவளுடைய பழைய வியாதி. நேரே கடைக்குப் போய் புத்தம்புதிய டாக்கிங் ஹப் ஒன்றை வாங்கி வந்தாள். திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் செருகிக்கொண்டு ஒரே வயரில் லேப்டாப்போடு சேர்கிற சின்னப் பெட்டி அது. அந்த வயரின் நுனி ஒல்லியான டைப்-சி. அவளுடைய பன்னிரண்டு வயது லேப்டாப்பிலோ அகலமான பழைய யுஎஸ்பி வாய்.

“திருப்பிக் கொடுத்துட்டு வா” என்றார் கணவர்.

“நீங்க சும்மா இருங்க. இதுக்குன்னு அடாப்டர் விக்கிறாங்க.”

நகம் அளவு அடாப்டர் கச்சிதமாகப் பொருந்தியது. விளக்கு எரிந்தது, மவுஸ் ஓடியது, கீபோர்டு எழுதியது. நாடி, மூச்சு, சூடு எல்லாம் சரி என்று நோயாளியை வார்டுக்கு அனுப்புவதுபோல் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். டிவியில் மாட்டிப் படம் வருகிறதா என்று பார்க்கவில்லை. கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டால் பேச்சு வளரும்.

மறுநாள் காலை வகுப்பறையில் எட்டுப் பெண்கள். கதவோரம் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு. திரையோ ‘சிக்னல் இல்லை’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. சிஸ்டர் பிடுங்கினாள், ஊதினாள், மறுபடி செருகினாள். ஹப்பின் மேல் புறங்கையை வைத்துக் காய்ச்சல்கூடப் பார்த்தாள். என்ன செய்வது, கை பழகியது அப்படி.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முன்பு டிவி கடையில் வேலை பார்த்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய்.

“தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். இந்த அடாப்டர் வழியா மவுஸ் வேலை செய்யும், கீபோர்டு வேலை செய்யும், படம் மட்டும் வராது. பழைய வாய்க்குப் படம் அனுப்பத் தெரியாது.”

“இவ்வளவு கச்சிதமா மாட்டுதே?”

“மாட்டும் சிஸ்டர். மாட்டினா போதுமா?”

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கு வழியாகச் சாப்பாடு போகிற குழாயின் முனையும் நரம்பில் மருந்து ஏறுகிற குழாயின் முனையும் ஒன்றோடொன்று சேராதபடி வேண்டுமென்றே வேறுவேறாகச் செய்திருக்கிறார்கள். சேரவில்லையா, நடுவில் எதையாவது வைத்துச் சேர்க்காதே, கையை எடு என்று ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தொண்டை கிழியச் சொன்னவள் அவள். நடுவில் ஒன்றை வைத்துச் சேர்த்ததுமல்லாமல் அதற்காகப் பெருமையும் பட்டுக்கொண்டவளும் அவளேதான்.

“லேப்டாப்பிலேயே படம் அனுப்புற எச்டிஎம்ஐ வாய் இருக்குமே?” என்று பக்கத்தில் வந்து குனிந்தாள் அந்தப் பெண். “இது என்ன சிஸ்டர், பிளாஸ்திரி?”

தூசி போகாமலிருக்க என்றைக்கோ அவளே ஒட்டியது. காயத்துக்கு ஒட்டுவதுபோல் நான்கு மூலையும் அழுத்தி ஒட்டியிருந்ததால் அப்படி ஒரு வாய் இருப்பதே மறந்துபோயிருந்தது. பிய்த்ததும் வாய் தெரிந்தது. திரையின் வயரை நேராக அதில் செருகினார்கள். குழாய்ப் பாடத்தின் படம் திரையில் வந்தது.

எட்டுப் பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். “சிரிச்சுடுங்கம்மா, அடக்கினா வயிறு வலிக்கும்” என்று சொல்லிவிட்டு, ஹப்பையும் அடாப்டரையும் முன்வரிசையில் கொடுத்தாள். “கைமாத்திப் பாருங்க. மாட்டுது, விளக்கு எரியுது, ஆனா போக வேண்டியது போகலை. இதுல படம் வரலைன்னா எனக்கு மானம்தான் போகும். குழாயில இதே புத்திசாலித்தனம் பண்ணினா ஆளே போயிடுவாங்க.”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மேனேஜர் கட்டிய கையை அவிழ்த்தார். “இது அந்த வீடியோவுல இல்லை சிஸ்டர்.”

“எப்படி இருக்கும் சார்? அதை எடுத்தவங்க விவரமானவங்க.”

“இந்த பேட்ச்சை நீங்களே முடிங்க. அடுத்ததுக்கு அப்புறம் பார்ப்போம்” என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சிஸ்டர் திரும்பி, குழாயின் படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.