குணம் அண்ணையும் ஒழுங்கையில் மாட்டிய கரவனும்

"இவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார், தம்பி," என்று குணம் அண்ணையின் மனைவி ராணி அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். மாரடைப்பு. முந்தைய நாள்தான் இந்தக் கோடைக்கு எந்தக் கடற்கரையில் தங்குவது என்று குணம் அண்ணையோடு சண்டை பிடித்திருந்தேன். அந்தச் சண்டையைக்கூட முடித்து வைக்காமல் போய்விட்டார். அவரோடு எதைத்தான் உருப்படியாக முடிக்க முடிந்தது?

டென்மார்க்கின் இந்தப் பிரெடெரிசியாவில் அவரையும் அவருடைய பிக்கப்பையும் தெரியாத தமிழ் வீடு இல்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்த பாவத்துக்கு, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டுப் பெண்கள் விவரமானவர்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு என் காரில் நேரே கடற்கரை விடுமுறை முகாமுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும், படுக்கையும் அடுப்பும் உள்ள சக்கர வீடான கரவனைப் பின்னால் கொழுவிய பிக்கப்பில், எண்பதுக்கு மேல் போகாமல், பின்னால் வருபவர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டு போவேன்.

ஒரு முறை கடலுக்கு மேலே போகும் ஸ்டோரபெல்ட் பாலத்தில் நல்ல காற்று. கரவனின் வால் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. அரிசி மூட்டை, பெரிய சட்டிகள், தண்ணீர்க் கலன்கள் எல்லாவற்றையும் கரவனின் பின்மூலையில் அடைத்திருந்தார். பிக்கப்பின் பெட்டி வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "பெட்டி கீறுப்பட்டிடும்," என்றார். ஆடுகிறதே என்று கத்தினேன். "அது ஆடட்டும், நாங்கள் ஆடாமல் இருந்தால் சரி," என்று சொல்லிக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். பாலம் முடிந்த பிறகு மூட்டைகளை எல்லாம் நான்தான் முன்னுக்கு மாற்றினேன். அவர் தேநீர் ஊற்றினார்.

மூன்று வருடங்களுக்கு முன் மோன் தீவுக்குப் புறப்பட்டோம். தெற்கே திரும்ப வேண்டியவர் கோப்பன்ஹேகன் பாதையிலேயே போனார்.

"எங்கை போறீங்கள்?"

"அல்பர்ட்ஸ்லுண்டிலை ஒரு வீட்டிலை கறிவேப்பிலைக் கண்டு தாறம் எண்டவை. வழியிலைதானே."

வழியா அது? கரவனையும் இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் சுற்ற யாருக்கு மனம் வரும்? அல்பர்ட்ஸ்லுண்டில் என் சொந்த அண்ணா இருக்கிறார். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை யார் வீட்டில் செய்வது என்று தொடங்கிய வாக்குவாதத்தில் நாங்கள் இருவரும் பேச்சை விட்டு ஏழு வருடங்கள். அங்கே தமிழ் வீடுகள் நிறைய இருக்கின்றன என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வரிசை வீடுகளுக்கு நடுவே, மறுபக்கம் வழியில்லாத ஓர் ஒழுங்கைக்குள் கரவனோடு நுழைந்தார். நுழைந்த பிறகுதான் வீட்டைப் பார்த்தேன். அண்ணாவின் வீடு. இறங்க மாட்டேன் என்றேன். "இறங்காதை. நான் பின்னுக்கு எடுக்கிறன்," என்றார். எடுத்தார். கரவன் குறுக்கே மடிந்து, ஒரு பக்கம் வேலியும் மறுபக்கம் குப்பைத் தொட்டிகளுமாக இறுகி நின்றது. சத்தம் கேட்டு அண்ணா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், கரவனைப் பார்த்தார்.

"கழட்டித்தான் தள்ளவேணும்," என்றார், யாரையும் பார்க்காமல்.

"எனக்கு முதுகு ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் பிடியுங்கோ," என்றார் குணம் அண்ணை. காலையில் அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்கி வந்த முதுகு அது.

வேறு வழியில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். கரவன் அசைய மறுத்தது.

"தம்பி, உன்ரை பக்கம் கொஞ்சம் இழு."

ஏழு வருடங்களுக்குப் பிறகு அண்ணா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"இழுக்கிறன்," என்றேன். இழுத்தேன்.

கரவன் வெளியே வந்ததும் அண்ணி கதவைத் திறந்துவைத்து, "சாப்பிட்டிட்டுத்தான் போகலாம்," என்றார். சாப்பிட்டோம். அந்த வீட்டில் கறிவேப்பிலைக் கன்று எதுவும் இருக்கவில்லை.

அன்று மாலை முகாமில், இரண்டு பைன் மரங்களுக்கு நடுவிலிருந்த இடுக்கில் குணம் அண்ணை அதே கரவனை ஒரே எடுப்பில் பின்னுக்குச் செலுத்தி நிறுத்தினார். பக்கத்துக் கூடாரத்து டெனிஷ்காரர் கைதட்டினார். எனக்கு இரத்தம் கொதித்தது.

"அப்ப அங்கை என்ன நடந்தது?"

"அங்கை கண்ணிலை வெயில் அடிச்சது, தம்பி."

அன்று அல்பர்ட்ஸ்லுண்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டும் அவர் வெயிலை விடவில்லை. நன்றி சொல்ல நான் வாயெடுத்த போதெல்லாம் வேறு ஏதாவது செய்து என் கோபத்தைக் கிளப்பிவிடுவார்.

இறுதிக் கிரியைக்கு வந்த நீங்கள் எங்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அண்ணாவும் பிடித்திருந்தோம். ராணி அக்கா பிக்கப்பை நீயே வைத்திரு என்று அதன் திறப்பை என் கையில் வைக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறு. இப்போது ஞாயிறுதோறும் அண்ணா தொலைபேசி எடுத்து, "எப்ப வாறாய்?" என்று கேட்கிறார். நானும் வாறன் என்கிறேன், போகிறேன். அந்த வீட்டுக்குத்தான் போகிறோம் என்று குணம் அண்ணை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பிக்கப்பில் ஏறியே இருக்க மாட்டேன். அது அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் அதுதான்.