சசிரேகா ஈயம் வைத்த மைக்

சசிரேகா எந்தச் சங்கத்திலும் சேர்ந்தவள் இல்லை. மண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். பென்னலூர் பக்கத்துக் கம்பெனியில் டிவி பெட்டிக்கான மின்பலகைகளில் ஈயம் வைப்பாள். ஷிப்ட் முடிந்தால் நேராக வீடு. பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பா தாண்டவராயனுக்கு அவள் போய் ஊட்டினால்தான் சோறு. பக்கத்து இருக்கை உமாதேவி சங்கத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம், "நமக்கு இன்னாத்துக்குடி வம்பு?" என்று சொல்லிவிடுவாள்.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதைக் கண்டித்து கேட்டுக்கு எதிரே கூட்டம். பக்கத்தில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, நாலு பேர் கூடினாலே போலீஸ் வந்து நின்ற காலம். சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரம்தான் அனுமதி. பேச்சாளர் "தோழர்களே" என்றதும் மைக் செத்துப்போனது.

மைக் செட் கோதண்டம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மைக்கின் தலையிலிருந்த கம்பி வலையைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்ததைப் பிடித்து இழுத்தார். டீ வாங்க வந்த சசிரேகாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்டி இழுக்காதீங்கண்ணா, ஒயர் அறுந்துடும்."

"அறுந்துதாம்மா கீது. மயிராட்டம் ஒயரு, கண்ணுக்கே தெரியல."

"இப்டி குடுங்க."

ரப்பர் வளையத்திலிருந்து ஒலிவாங்கும் பில்லையை நகத்தால் நெம்பி எடுத்தாள். அதன் முதுகில் இரண்டு ஒயர்களில் ஒன்று வேரோடு விட்டிருந்தது. கோதண்டத்தின் பெட்டியிலிருந்த சால்ட்ரிங் கம்பியை டீக்கடை பிளக்கில் சூடேற்றி, ஒயர் நுனியைப் பல்லால் சீவி, மிளகளவு ஈயம் வைத்தாள். பில்லையின் மெல்லிய சவ்வின் மேல் விரல் படவே இல்லை. வலையைத் திருகி மூடியதும் குழாய் ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கிளம்பியது. பேச்சு அவள் காதில் ஏறவில்லை. இரைச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை. சிரித்துக்கொண்டே திரும்பியபோது, கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் விஜயராகவன் நின்றிருந்தார்.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"அவுங்களுக்கு மைக் ரெடி பண்ணிக் குடுத்தது நீதான?"

"ஒயர் வுட்டுப் போயிருந்துது சார். வெச்சேன்."

"கம்பெனி கத்துக் குடுத்த வேலையைக் கம்பெனிக்கு எதிரா செய்வியா?"

மாலையில் வேலைநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் நாற்பது நாள் நடந்தது. சசிரேகாவும் தினம் வந்து கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். வேறு எங்கே போவதென்று தெரியாமல்தான் வந்தாள். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று, எட்டுப் பேரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பட்டியல் வாசித்தார்கள். ஒன்பதாவது பெயர் இல்லை. கூட்டம் கைதட்டியது. அவள் சங்கச் செயலாளரிடம் போய் நின்றாள்.

"நீங்க மெம்பரா?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க."

"அடுத்த பேச்சுவார்த்தையில பாக்கலாம்மா."

உமாதேவி அவள் முகத்தைப் பார்க்காமல் அழுதாள். "உன் பேரையும் சேக்கச் சொன்னேன்டி. எவனும் காதுல வாங்கல."

"நீ உள்ள போ. பெல் அடிச்சிட்டான்" என்றாள் சசிரேகா.

அடுத்த பேச்சுவார்த்தை என்று ஒன்று நடக்கவே இல்லை. வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். எங்கே வேலை செய்தாய், ஏன் நின்றாய் என்று கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். பொங்கலுக்கு முன்பே ஒரகடம் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் கூடை தூக்கப் போனாள். தாண்டவராயன் மாசியில் இறந்தார். தகவல் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். முகத்திலிருந்த கல்தூளைத் துடைக்காமலே பஸ் ஏறினாள்.