பின்பக்க பட்டன் கன்ட்ரோலர்

வேலையிடத்தில் மெஷினில் மாட்டியதிலிருந்து என் வலது கட்டைவிரல் மடங்குவதில்லை. மற்ற விரல்களுக்கும் வலு இல்லை. கட்டைவிரலுக்குப் பதில் மற்ற விரல்களால் அழுத்தும்படி பட்டன்களைப் பின்பக்கம் மாற்றிக்கொள்ளும் வேறு கம்பெனி கேம் கன்ட்ரோலர் இருந்தால் மறுபடி கேம் விளையாடலாம் என்று இன்று அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனேன்.

"ஒரு வாட்டி அமுக்கிப் பாக்கலாமாண்ணா?"

"பொட்டிய பிரிச்சா வாங்கிக்கணும். இன்னாமா, தம்பிக்கா?"

"எனக்குத்தான்."

"உனுக்கா? போய் போன்ல ஆடு."

அடுத்து வந்தவனுக்கு அதே பெட்டியைக் கடைக்காரரே பிரித்துக் கையில் கொடுத்தார். "ஆடிப் பாரு மச்சான்."

அவன் பின்பக்க பட்டனைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். நல்ல விரலுக்கே அந்தப் பாடு என்றால் அது எனக்கு ஆகாது. கடையைவிட்டு வந்துவிட்டேன்.

மெதுவாக அழுத்தினாலே வேலை செய்யும் கன்ட்ரோலர் எது? வாங்கியவர்கள் மட்டும் சொல்லுங்கள். விற்பவர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.