கிளட்ச் பிளேட்டின் கடல் பக்கம்

வேம்பாருக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. கேட்டைத் திறந்தால் எதிரே கடல். அந்தக் கேட் வழியாகத்தான் என் ஜீப்பை, கிளட்ச் போன அன்று, மூக்கு முன்னே போக உள்ளே தள்ளினோம். உப்பளத்து மண்பாதையில் எஞ்சின் முழுத் தொண்டையில் கத்தியும் நாலு சக்கரமும் அசையவில்லை. வீட்டில் என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை.

மதுரையிலிருந்து மகன் போனில் தீர்ப்பு வழங்கினான்.

“ஞாயித்துக்கிழம வாரேன். வண்டி தானா ஓடி கேட்டத் தாண்டணும். இல்லன்னா ஆத்தூர்க்காரருக்குக் குடுத்துருவோம்.”

ஆத்தூர்க்காரர் வெற்றிலைக் கட்டு ஏற்ற ஒரு ஜீப் தேடிக்கொண்டிருந்தார். ஜீப் போய்விட்டால் உப்பளத்துக்கு நான் யாருடைய ஸ்கூட்டருக்காவது பின்னால் உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எழுபத்தாறு வயதில் அந்தப் பதவி உயர்வு எனக்குத் தேவைப்படவில்லை. அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை என்பது என் மனைவியின் கருத்து. அப்படியானால் உப்புக் குவியல்களை யார் எண்ணுவார்கள்?

ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் வயதைச் சொன்னதும் சிரித்தார்கள். என் சம்பந்தி சிரிக்கவில்லை. மருமகளின் அப்பாவான அவர் கொழும்புத் தோணியில் எஞ்சின் ஓட்டியவர்.

“கப்பல் எஞ்சினையே நடுக்கடல்ல கழத்தி மாட்டியிருக்கேன் அண்ணாச்சி. இது என்ன, பொம்ம வண்டி” என்றார். அந்தக் கப்பல் அப்புறம் கரைக்கு வந்ததா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கரையில் இருபது வருடமாக வாழ்ந்தும் அவருக்கு இடது, வலது கிடையாது. வடக்கு என்றால் வாடைப் பக்கம், கிழக்கு என்றால் கடல் பக்கம், மேற்கு என்றால் கரைப் பக்கம். சாப்பாட்டில் குழம்பைக்கூட “கொஞ்சம் கரைப் பக்கமா ஊத்து” என்பார். அதன்படியே வண்டிக்கு அடியிலிருந்து உத்தரவுகள் வந்தன. கியர் பாக்ஸை ஜாக்கியில் தாங்கிப் பலகையில் இறக்கினோம். கழற்றிய போல்ட்டுகள் முப்பத்தொன்று. பழைய கிளட்ச் பிளேட்டைக் கழற்றும் முன் அவர் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க. நடுவுல புடைச்சிருக்க பக்கம் கடலுக்கு. சப்பப் பக்கம் கரைக்கு.”

பார்த்துக்கொண்டேன். இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன்.

புதுப் பிளேட் பஸ்ஸில் வருவதற்குள் எனக்கு வேறு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் கண்முன்னால் பின்பக்கமாக வெளியே வருவதா? டீக்கடையிலிருந்து ஐந்து பேரைக் கூப்பிட்டு, வண்டியை ரோட்டுக்குத் தள்ளி, மூக்கு கேட்டைப் பார்க்கும்படி திருப்பி உள்ளே நிறுத்தினேன். ஐந்து பேரும் ஏழு டீ குடித்தார்கள்.

சனிக்கிழமை பிளேட்டை மாட்டினோம்.

“புடைச்ச பக்கம் கடலுக்குத்தானே?” என்றார் சம்பந்தி.

“கடலுக்குத்தான்” என்றேன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய குரலில்.

முப்பத்தொரு போல்ட்டும் திரும்ப ஏறின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாயங்காலம் எஞ்சினை எழுப்பி, கிளட்சை அடிவரை மிதித்தேன். கியர் நறநறவென்று பல்லைக் கடித்தது, விழவில்லை. எத்தனை மிதித்தாலும் கிளட்ச் எஞ்சினை விடவில்லை.

சம்பந்தி கடலைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நாம வண்டியத் திருப்புனோம்லா.”

கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டிய புடைப்பு இப்போது எஞ்சினில் முட்டிக்கொண்டிருந்தது. கடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“நீங்கதான் திருப்பச் சொன்னீக” என்றார்.

“கடல்னு அடையாளம் சொன்னது யாரு?”

“ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வாங்க” என்றாள் என் மனைவி. “சண்டைய சோத்துக்கு அப்புறம் வச்சுக்கிடலாம்.”

மறுபடி இறக்கி ஏற்ற நேரமில்லை. ஆனால் எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர் விழும். ஞாயிற்றுக்கிழமை மகன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், முதல் கியரைப் போட்டுவைத்து, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, சாவியைத் திருப்பினேன். வண்டி விக்கியது, குதித்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது, கேட்டைத் தாண்டியது. மகன் ஓரமாக ஒதுங்கினான். நிறுத்த வேறு வழியில்லாததால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

“இது என்ன ஓட்டம்?” என்றான்.

“தானா ஓடி கேட்டத் தாண்டணும்னு சொன்னே. தாண்டிட்டு.”

“திருப்பி உள்ள கொண்டு வாங்க, பாப்போம்.”

“உள்ள வாரதப் பத்திப் பேச்சே இல்லையே.”

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ள வந்தான். சம்பந்தி வண்டியின் பின்னால் நின்று கேட்டார்:

“மாப்ள, இந்தத் தடவ மூக்கு கடலுக்கா, கரைக்கா?”

“ஆத்தூருக்கு” என்றான் மகன்.

சொன்னானே தவிர, ஆத்தூர்க்காரருக்குப் போன் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி கழற்றினோம். பிளேட்டின் சப்பைப் பக்கத்தில் நானே சாக்கட்டியால் ‘எஞ்சின்’ என்று எழுதினேன். சம்பந்திக்கு அது பிடிக்கவில்லை. வண்டி ஓடுகிறது. நேற்று உப்பளத்தில் பதினெட்டுக் குவியல்கள்.