மாத்திரை விழுங்கும் வரிசை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் 'அப்புறம்' என்று பட்டப்பெயர். பழுது பார்த்த லிஃப்டில் முதல் ஆளாக அவர் ஏறியதே இல்லை. கட்டடத்து மேனேஜரைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு தடவை போயிட்டு வாங்க சார், அப்புறம் நான் வரேன்" என்பார். மேனேஜர் முழுசாகக் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் கருவிப்பையை மூடுவார். கல்யாணத்துக்கே, அண்ணன் செய்துகொண்டு மூன்று வருஷம் உயிரோடு நடமாடியதைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்.

அவருக்கு வாய்த்த நாயும் அதே ரகம். பெயர் தொரை. தட்டில் எது விழுந்தாலும், அதில் ஒரு வாய் வேறு யாராவது தின்று, அது தொண்டையில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் தொரை முகர்ந்தாவது பார்க்கும். அந்த ஒரு வாயை இத்தனை காலம் தின்றவள் மனைவி. இப்போது அவள் எல்லைக்கு அப்பால், பக்கத்து நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மெக்கானிக் தன் சாப்பாட்டிலேயே பங்கு வைத்துச் சமாளித்துவந்தார்.

அவருக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பஸ். "தொரை இல்லாம வர்றதா இருந்தா நீங்களும் அங்கயே இருந்துக்கோங்க" என்று மனைவி போனில் சொல்லிவிட்டாள்.

எல்லையின் சட்டம் இது: நாய்க்கு நாடாப்புழு மாத்திரை கொடுத்து ஒரு முழு நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஐந்து நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. விழுங்கியதைக் கால்நடை டாக்டர் நேரில் பார்த்து, நாயின் பயணப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளினிக்கில் போய் நின்றார். சனிக்கிழமை டாக்டருக்கு விடுமுறை.

ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். கம்பவுண்டர் ஒரு துண்டு தின்று காட்டியதும் தொரை ரொட்டியைத் தின்றது. மாத்திரையைத் தோல் உரித்த பட்டாணி போலத் தரையில் வைத்தது. டாக்டர் வாயைத் திறந்து தொண்டையில் போட்டார். தொரை கன்னத்தில் அடக்கிவைத்திருந்து, டாக்டர் பேனாவை எடுத்த நேரம் பார்த்து அவர் செருப்பின் மேல் துப்பியது.

"யாராவது முன்னாடி முழுங்கணும் சார். அதோட சுபாவம் அப்படி" என்றார் மெக்கானிக்.

"முழுங்குங்க. இதே மருந்து மனுஷங்களுக்கும் வருது, எதிர் கடையில கிடைக்கும்" என்றார் டாக்டர்.

மாத்திரை அட்டை வந்தது. மெக்கானிக் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பணிவாக, "நீங்க ஒண்ணு போட்டுக்கோங்க சார், அப்புறம் நான்" என்றார்.

"எனக்கு எதுக்குய்யா? எனக்கு என்ன புழுவா?"

"எனக்கு மட்டும் இருக்கா சார்?"

டாக்டர் இன்னொரு மாத்திரையை வாயில் போடுவது போலப் பாவனை செய்து சட்டைப்பைக்குள் நழுவவிட்டார். மெக்கானிக் டாக்டரின் தொண்டையைப் பார்த்தார். தொரையும் பார்த்தது. அங்கே எதுவும் அசையவில்லை. இருவரும் ஒன்றாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

கம்பவுண்டர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். "சார், வீட்டுக்குப் போகணும். வருஷத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை போட்டா உடம்புக்கும் நல்லதுதான்."

டாக்டர் மூவரையும் முறைத்தார். சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார், தண்ணீரை எடுத்தார், விழுங்கினார். சற்று நேரம் அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு மெக்கானிக் விழுங்கினார். மெக்கானிக் சாயவில்லை என்று பார்த்துவிட்டுத் தொரை விழுங்கியது, மருந்துக்கும் முகம் சுளிக்காமல்.

"இப்ப நீங்க மூணு பேருமே எல்லை தாண்டலாம்" என்றார் கம்பவுண்டர். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவி நிற்பது தெரிந்தது. அதிகாரி நாயின் புத்தகத்தைப் புரட்டினார்.

"மாத்திரை குடுத்தாச்சா?"

மெக்கானிக் முந்திக்கொண்டு சொன்னார்: "மூணு பேரும் சாப்பிட்டோம் சார்."

அதிகாரி நிமிர்ந்தார். "மத்த ரெண்டு நாய் எங்க?"

"ஒண்ணு நான்தான் சார். இன்னொண்ணு, அதுல கையெழுத்துப் போட்டிருக்கு."

அதிகாரி கையெழுத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குனிந்து தொரையைப் பார்த்தார். மூவரில் தொரையின் முகம்தான் நம்பும்படி இருந்தது போலும். முத்திரையைக் குத்திவிட்டு, "சீக்கிரம் போங்க" என்றார்.