ஆறு ஆறாக ஏறும் பட்டன்

கொழும்பு கிராண்ட்பாஸில் ஷபீகாவின் குசினியிலிருந்து புரியாணி சஹனில்தான் போகும். ஒரு பெரிய தட்டம், அதைச் சுற்றி ஆறு பேர். ஐந்து பேர் உட்கார்ந்தால் அவளுக்கு மனம் கேட்காது. ஏழு பேர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும்.

வெள்ளவத்தையில் ஆப் செய்து கொடுக்கும் ரொஷேல் அவளுக்கும் ஓடர் எடுக்க ஒன்று செய்து கொடுத்தாள். ‘எத்தனை பேர்’ என்ற இடத்தில் ஒரு கூட்டல், ஒரு கழித்தல். ஒருமுறை தட்டினால் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை செட்டிங்கில் ஷபீகாவே போட்டுக்கொள்ளலாம். யோசிக்காமல் ஆறு என்று போட்டாள்.

முதல் கிழமையே கொட்டாஞ்சேனையிலிருந்து ஜீவராஜ் கோல் எடுத்தான்.

“அக்கா, நாங்க எட்டுப் பேர். இதில ஆறு காட்டுது, தட்டினா பன்னிரண்டுக்குப் போகுது. எட்டு எங்க?”

“எட்டுன்டு ஒன்டு இல்ல தம்பி. இன்னம் நாலு பேரத் தேடி எடுங்க.”

பகிடிக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சஹனோடு போய்ப் பார்த்தால், அவன் உண்மையாகவே தேடி எடுத்திருந்தான். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், இன்சூரன்ஸ் விற்க வந்தவர், கொலன்னாவை பஸ்ஸைத் தவறவிட்ட முன்பின் தெரியாத ஒருவர், தண்ணீர்த் தாங்கிச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த மேல்வீட்டுக்காரர். மேல்வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஜீவராஜின் பக்கம் கோழித்துண்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

இந்தப் பட்டன் ஊரையே கூட்டிவிடும் என்று ஷபீகாவுக்குப் பயம் பிடித்தது. ரொஷேலுக்கு விஷயத்தைச் சொன்னாள்.

“ஒண்டு எண்டு போடுங்க அன்ட்டி, முடிஞ்சுது.”

“சின்னப் புள்ளைகள் அரைதானே? அதுக்கு என்ன செய்யிற?”

ரொஷேல் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் அரை என்று போட்டாள். மறுநாள் வெள்ளவத்தை இராமலெட்சுமியிடமிருந்து ஆறரைப் பேருக்கு ஓடர் வந்தது.

“அந்த அரை ஆள் மகனா, மகளா?” என்று கோலில் கேட்டாள் ஷபீகா.

“இல்லை, என்ட அவர். டொக்டர் பாதிச் சாப்பாடுதான் எண்டிட்டார்.”

சாப்பாடு போய்ச் சேர்ந்த சூட்டோடு அவரே கோல் எடுத்தார். “விருந்தாளியளுக்கு முன்னால பில்லில என்னை அரை ஆள் ஆக்கிப்போட்டீங்களே! நான் பாங்கில மனேஜரா இருந்தனான்!”

அன்றைக்கே ஷபீகா ஒன்று என்று மாற்றினாள். ஆனால் பதினொரு பேருக்கு ஓடர் வந்தபோது அவளுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு சஹனில் ஓர் இடம் காலியாக இருக்குமே. பர்தாவை மாட்டிக்கொண்டு, சஹன்களோடு அவளும் திரீவீலரில் ஏறிவிட்டாள்.

அது மருதானையில் ஜவாஹிறாவின் வீடு. பெண்களின் சஹனில் ஆறாவது ஆளாக உட்கார்ந்து, முதல் வாயை வைத்ததும் ஷபீகா முகத்தைச் சுளித்தாள்.

“உப்புக் கொறவு,” என்றாள்.

ஜவாஹிறாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கூப்பிடாம வந்து குந்தி, சாப்பாட்டுக்குக் குத்தமும் சொல்றா! யாரு இந்தப் பொம்புள?”

 ஷபீகா குனிந்தபடி தன் பங்கை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள்.