தேயாத கத்தியும் ஓர் ஏலமும்

சென்ற ஞாயிறு எங்கள் தாம்பரம் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் பந்தலில் ஏலம். பூசணி, வாழைத்தார், கோழி, கேக் என்று வீட்டுக்கு வீடு காணிக்கையாகத் தந்தவை ஏலத்தில் போகும். என் வீட்டிலிருந்து போனது என்ன தெரியுமா? ஒரு கத்தி... அதுவும் எனக்குத் தெரியாமல்!

அந்தக் கத்தி என்னிடம் வந்ததும் சென்ற ஆண்டு இதே ஏலத்தில்தான். கொடுத்தவர் அடுத்த வீட்டு ஜெயராஜ், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி கொண்டுவந்த அயல்நாட்டுச் சரக்கு. கல்லூரியில் ரசாயனம் போதித்தவன் அல்லவா நான்? ஏலம் எடுத்த கையோடு பந்தலிலேயே விளக்கினேன். குரோமியமும் கார்பனும் மிகுந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இது. குரோமியம் துருவை அண்டவிடாது. இரண்டும் கூடிக் கடினமான நுண்மணிகளாகி விளிம்பைக் காக்கும். "தேயவே தேயாது" என்று அடித்துச் சொன்னேன். சபையே கேட்டது.

பொய்யில்லை. மாங்காய், எலுமிச்சை — எதை நறுக்கியும் கறுக்கவில்லை. மாதக்கணக்கில் கூர் போகவில்லை. என் மனைவி பழைய இரும்புக் கத்தியை யாருக்கோ தானம் செய்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் மழுங்கியது. தெருவில் போன சாணைக்காரரை அழைத்தேன். சக்கரம் சுற்றியது, பொறி பறந்தது.

"இன்னா சார் இது? கல்லுதான் தேயுது, கத்தி அப்படியே கீது! வேற இருந்தா குடு சார்."

காரணம் எனக்குத் தெரியாதா? தீட்டுவது என்பதே தேய்ப்பதுதானே! தேய மறுக்கும் உலோகம் தீட்டலுக்கும் மறுக்கத்தான் செய்யும். ஆனால், காரணம் தெரிந்ததால் ஒரு வெங்காயத்தைக்கூட நறுக்க முடியவில்லை.

ஆயர் விருந்துக்கு வந்த அன்று மனைவி அதை ஆட்டெலும்பில் ஓங்கிப் போட்டாள். விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது. கடினம் கூடினால் அடி தாங்கும் தன்மை குறையும் என்று அதையும் விளக்கினேன்.

"விளக்கினது போதுங்க. வர்ற பண்டிகைக்கு ஏலத்துல குடுத்துடலாம்."

"குறையுள்ள பொருளைக் காணிக்கையாவா? அதுவும் நான் புகழ்ந்த பொருளை! வாங்கினவர் என்னைப் பத்தி என்ன சொல்லுவார்?"

அவள் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டு இல்லறத்துக்குப் பிறகும்!

ஞாயிறன்று சபைச் செயலாளர் தோலுறையோடு அதைத் தூக்கிக் காட்டினார். "சார் வீட்டுக் கத்தி! தேயவே தேயாதுன்னு சாரே சொன்ன கத்தி!"

உறையிலிருந்து உருவிவிடாதிருக்க வேண்டுமே என்று ஜெபித்தேன். வேறொருவர் கைக்குப் போனால் மாலைக்குள் என் சொல்லுக்கு மதிப்பு ஏது? கையைத் தூக்கினேன்.

பந்தல் திரும்பிப் பார்த்தது. "என்ன சார், குடுத்ததை நீங்களே கேட்கிறீங்க?"

"மனசு வரலை" என்றேன்.

உடனே பின்னாலிருந்து ஜெயராஜ் விலையை ஏற்றினார். நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஒரு தரம்... இரண்டு தரம்... ஒருவழியாகக் கத்தி மீண்டும் எனக்கே வந்தது.

வெளியே வரும்போது ஜெயராஜ் காதோரம் சொன்னார்: "சபைக்கு நாலு காசு சேரட்டும்னுதான் விலையை ஏத்தினேன். எங்க வீட்லயும் அதுக்கு சாணை ஏறலை சார். நீங்க ரசாயனம் படிச்சவர், போன வருஷம் தெரிஞ்சுதான் வாங்கினீங்கன்னு நினைச்சேன்."

அதற்குள் வாசலில் மூன்று பேர் வழிமறித்தார்கள். விற்க மனம் வராத கத்தி என்றால் சும்மாவா! "சார், இதே மாதிரி எங்க கிடைக்கும்?"

ஜெயராஜின் தம்பி அடுத்த மாதம் கப்பலிலிருந்து ஊர் திரும்புகிறாராம். மூவரையும் ஜெயராஜ் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன் — விளக்கம் சொல்லும் பாட்டை இம்முறை அவர் படட்டும்.